ஒன்பதரை அடிக்கு ஒரு லென்ஸ்

"அந்த முனையக் கெட்டியாப் பிடிங்க. விட்டுறாதீங்க."

நான் ஃபிரிட்ஜ் கதவில் முதுகை ஒட்டி நின்று, இரும்பு டேப்பின் முனையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தேன்.

"நெஞ்சுல இல்லங்க. கண்ணுகிட்ட பிடிங்க. கண்ணுலேருந்துதான் அளக்கணும்."

கண்ணருகே உயர்த்தினேன். சாப்பாட்டு மேசையின் மேல் சாய்ந்து, எதிர்ச்சுவர் வரைக்கும் டேப்பை இழுத்துக்கொண்டு போனாள் என் மனைவி ஸ்டெல்லா. ஞாயிற்றுக்கிழமை காலை. பூசைக்குக் கட்டிக்கொண்டு போன சேலையைக்கூட அவள் இன்னும் மாற்றவில்லை. அடுப்பில் கோழி கொதித்துக்கொண்டிருந்தது. பட்டை வாசனை வீடெல்லாம் நிறைந்திருந்தது.

"ஒம்பதரை அடி," என்றாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். "இவ்வளவுதான் நம்ம வீடு. இதுக்கு மேல பின்னால போகணும்னா நீங்க ஃபிரிட்ஜுக்குள்ள ஏறித்தான் நிக்கணும்."

அடுத்து மாதா படம் இருக்கும் சுவர். அதற்கடுத்து காடி நிறுத்தும் முன்வாசல். எல்லாவற்றையும் அளந்தாள். நாங்கள் அலமாரி வாங்கவில்லை, சோபா வாங்கவில்லை. கேமரா வாங்கப் போகிறோம். கேமரா வாங்குவதற்காக வீட்டை அளந்த இன்னொரு மனுஷியை நான் இதுவரை பார்த்ததில்லை.

இந்தத் தொடரில் இதுவரை எடைமேடை, லோரி, செம்பனைக் குலை என்றே எழுதிக்கொண்டு வந்தேன். கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் லோரி எடை எழுதும் எடைமேடைக் கிராணியாக இத்தனை வருடம் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறென்ன எழுதத் தெரியும்? "உங்கள் வீட்டம்மா எங்கேயுமே வரவில்லையே" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. அவர் அறியாமலே என் பழைய குற்றம் ஒன்றின் மேல் விரலை வைத்துவிட்டார்.

காதுக்குக் கீழே

ஸ்டெல்லா ஒரு தமிழ்ப்பள்ளியில் கேன்டீன் நடத்துகிறாள். நாசி லெமாக், மீ கோரேங், வெள்ளிக்கிழமை இட்லி. அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள் 'ஸ்டெல்லா ஆன்ட்டி'. யார் காரம் தின்பார்கள், யார் முட்டை தொடமாட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அவளுடைய இடது காதுக்குக் கீழே, தாடையின் ஓரத்தில், ஒரு வீக்கம் வந்தது. முதலில் கொட்டைப்பாக்கு அளவு. வலியில்லை. பல் சம்பந்தப்பட்டது என்று நினைத்தோம். கூந்தலைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டி அவள் அதை மறைத்துக்கொண்டாள். ஒரு வருடம் அப்படியே போனது. பாக்கு எலுமிச்சையாகப் போகும் சமயத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். வெள்ளைத்தாளில் ஒரு முகத்தை வரைந்தார். காதருகே ஒரு தண்டு, அதிலிருந்து ஐந்து கிளைகள்.

"இது கெட்ட கட்டி இல்லை," என்று மலாயில் பொறுமையாகச் சொன்னார். "ஆனால் எடுத்தாக வேண்டும். முகத்தை அசைக்கிற நரம்பு இதன் ஊடேதான் போகிறது. கவனமாகத்தான் எடுப்போம். ஆனாலும் இடது பக்கம் கொஞ்ச நாள் அசையாமல் போகலாம். சிலருக்கு முழுசாகத் திரும்பாமலும் இருக்கலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது என் கடமை."

ஸ்டெல்லா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எப்போ?"

"ஏழு வாரத்தில்."

திரும்பும் வழியில் இஜோக் ஊர் தாண்டும்போது காடியை மெதுவாக்கினேன். முன்னால் ஒரு செம்பனை லோரி போய்க்கொண்டிருந்தது. அதில் எத்தனை டன் இருக்கும் என்று பழக்கதோஷத்தில் என் மனம் கணக்குப் போட்டது.

"சிரிச்சா ஒரு பக்கம் மட்டும் சிரிக்குமாம்," என்றாள் ஸ்டெல்லா. லோரியைத் தாண்டியதும், "வழியில மீன் வாங்கணும், மறந்துடாதீங்க," என்றாள்.

ஒரு முழங்கை

அன்று மாலை அவள் குளிக்கப் போனபோது நான் கைப்பேசியைத் திறந்து அவள் படங்களைத் தேடினேன்.

ஆயிரக்கணக்கில் படங்கள் இருந்தன. எங்கள் ஒரே மகள் ஜெனியின் பிறந்தநாள்கள். ஜெனி பள்ளிச் சீருடையில். நான் மீன் பிடித்தது, நான் தூங்கியது, நான் பலாப்பழம் அறுத்தது. ஸ்டெல்லா எங்கே? ஒரு படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை. இன்னொன்றில் கேக் வெட்டும் கத்தியை நீட்டும் ஒரு கை. மணலில் விழுந்த ஒரு நிழல். அந்த நிழல் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தது.

எல்லாப் படத்தையும் எடுத்தவள் அவள்தான்.

தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் படிப்புப் படித்துக்கொண்டிருந்த ஜெனிக்குப் போன் போட்டேன்.

"அப்பா, இத நான் எத்தன தடவ சொல்லிருக்கேன்? அம்மா எந்தப் படத்துலயும் இல்லன்னு. ஃபேமிலி ஃபோட்டோன்னு நீங்க அனுப்புறதெல்லாம் நீங்களும் நானும்தான்."

மறுநாள் ஸ்டெல்லாவிடம் மெல்ல ஆரம்பித்தேன். கிள்ளானில் நல்ல ஸ்டூடியோ இருக்கிறது, ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நாள் போய் வரலாம் என்றேன்.

"ஸ்டூடியோவா? பவுடர் போட்டு, பூ ஜாடிக்குப் பக்கத்துல உக்கார வச்சு? அதெல்லாம் செத்த பொறவு மாட்டுற படங்க."

"அப்ப ஃபோன்ல நான் எடுக்கிறேன்."

"நீங்க ஃபோனக் கையில எடுத்தா என்ன பண்ணுவீங்க? மில்லுலேருந்து மெசேஜ் வந்துச்சான்னு பாப்பீங்க. அத்தோட என்னை மறந்துடுவீங்க லா." பாத்திரத்தைத் துடைத்துக் கவிழ்த்தாள். "படம் எடுக்க மட்டும் ஒரு சாமான் வேணும். அதுல வேற ஒரு வேலையும் பண்ண முடியக் கூடாது. அத நீங்க கத்துக்கணும். ஏழு வாரம் இருக்கு, போதும்."

நகராத ஃபிலிம்

நான் ஏன் அத்தனை வருடம் கேமராவைத் தொடாமல் இருந்தேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு.

கல்யாணத்துக்கு முன்னால் நான் உலு யாம் பக்கத்து எஸ்டேட்டில் இருந்தேன். கால்பந்து விழா அதிர்ஷ்டக் குலுக்கலில் எனக்கு ஒரு ஃபிலிம் கேமரா விழுந்தது. அந்த லயத்து வீடுகளிலேயே கேமரா வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த திரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

அக்காவின் கல்யாணம் வந்தது. கோயிலுக்குள் படமெடுக்க ஆள் வைத்திருந்தார்கள். எஸ்டேட் மண்டபத்தில் விருந்துக்கு நான்தான் படக்காரன். அன்றைக்கு ஓர் அதிசயம் நடந்தது. எங்கள் அப்பா தோட்டத்தில் வேலைக்காரர்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தவர். சிரித்தால் வேலைக்காரர்கள் ஏமாற்றிவிடுவார்கள் என்று வீட்டிலும் சிரிக்காமலே பழகியவர். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினார். நான் எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன்.

பத்தாங் காலியில் ஃபிலிம் கழுவும் கடைக்காரர் கேமராவைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஃபிலிமின் முனை உருளையில் மாட்டவே இல்லை. ஒரு படம்கூட நகரவில்லை.

அப்பா அதற்குப் பிறகு ஆடவில்லை. அக்கா இன்றுவரை என்னைக் குறை சொன்னதும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கேமராவை யாருக்கோ கொடுத்துவிட்டேன். ஸ்டெல்லா என் வாழ்க்கைக்குள் வந்தபோது படமெடுக்கும் வேலை தானாக அவள் கைக்குப் போனது.

இந்தக் கதை அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் "நீங்க கத்துக்கணும்" என்றாள்.

காலண்டர் தாள்

என்ன கேமரா வாங்குவது? ஜெனி வீடியோக்களாக அனுப்பித் தள்ளினாள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினார். ஒருவர் இதுதான் உலகத்திலேயே சிறந்தது என்றார். அடுத்தவர் அதை வாங்குகிறவன் முட்டாள் என்றார். எண்களைப் பார்த்தே பிழைத்தவன் நான். எனக்கே அந்த எண்கள் தலையைச் சுற்றவைத்தன.

ஸ்டெல்லா ஒரு வீடியோவைப் பாதி பார்த்தாள். "இவரு மலை மேல நின்னு மலைய எடுக்கிறாரு. நமக்கு எங்க மலை?" என்று மூடிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் டேப் வந்தது. காலண்டர் தாளில் அவள் எழுதியது இவ்வளவுதான்: சாப்பாட்டு மேசை, ஒன்பதரை அடி, ஒரு டியூப்லைட். மாதா சுவர், எட்டு அடி, ஜன்னல் வெளிச்சம். முன்வாசல், பன்னிரண்டு அடி, மழை வரும். கேன்டீன், ஆறு அடி, ஆவி அடிக்கும். கடைசியாக: காய்கறிப் பையோடு தூக்க வேண்டும்.

அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நான் ஒரு வாரமாக எந்தக் கேமரா நல்லது என்று தேடிக்கொண்டிருந்தேன். அவள் நம்முடைய வாழ்க்கை எங்கே, எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில் நடக்கிறது என்று எழுதி முடித்துவிட்டாள்.

சுங்கை பெசாரில் ஒரு மதியம்

கல்யாணப் படங்கள் எடுக்கும் அமுதாவைப் பற்றி ஜெனியின் தோழி ஒருத்தி சொல்லியனுப்பினாள். சுங்கை பெசாரில் வீடு. பழைய கேமராக்களைச் சரிபார்த்து விற்கிறாளாம். செகிஞ்சான் வயல்களுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போனோம். நாற்று நட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தண்ணீரில் வானம் கிடந்தது.

அமுதாவுக்கு முப்பது வயதிருக்கும். கட்டையான முடி, கறுப்பு டீசட்டை, பேச்சு மழை மாதிரி. முதலில் ஒரு பெரிய கேமராவை எடுத்து என் கையில் வைத்தாள். செங்கல் கனம்.

"அண்ணே, இது ஜூம் லென்ஸ். கிட்டயும் எடுக்கும், தூரமும் எடுக்கும். கம்போங் குவாந்தான் ஆத்தங்கரையில பறக்கிற மின்மினிகூட இதுல ட்ரை பண்ணலாம்."

எனக்கு உடனே பிடித்துவிட்டது. "எல்லாம் ஒண்ணுலயே இருக்கே," என்றேன்.

"மின்மினி வேணாம்மா," என்றாள் ஸ்டெல்லா. "எங்க வீட்டு டியூப்லைட்டு போதும். இந்தச் சாமான நான் காய்கறிப் பையோட தூக்க முடியாது."

"அது சரிக்கா. ஆனா ஜூம் இருந்தா வசதி."

"வசதிதான். ஜூம் இருந்தா இவரு நின்ன எடத்துலயே நின்னுக்கிட்டுத் திருகிட்டு இருப்பாரு. கிட்ட வரமாட்டாரு." என்னைப் பார்க்காமலே சொன்னாள். "நடந்து வந்து எடுக்கிற மாதிரி ஒண்ணு குடு."

அமுதா சிரித்தாள். உள்ளே போய், உள்ளங்கைக்குள் பாதி அடங்கும் ஒரு சின்னக் கேமராவையும் மூன்று குட்டி லென்ஸ்களையும் எடுத்து வந்தாள். மூன்றிலும் ஜூம் கிடையாது. ஒன்றில் ஐம்பது என்று போட்டிருந்தது, ஒன்றில் முப்பத்தைந்து, ஒன்றில் இருபத்து மூன்று.

"நம்பர் பெருசா இருந்தா தூரத்துல இருக்கிறத இழுத்துக் காட்டும். சிறுசா இருந்தா அகலமாப் பாக்கும். ஆள மட்டும் அழகா எடுக்க ஐம்பது. கல்யாணப் பொண்ணுங்களுக்கு நான் அதத்தான் போடுவேன்."

ஸ்டெல்லா கைப்பையைத் திறந்தாள். டேப் வெளியே வந்தது.

அமுதாவின் வீட்டு மேசையைச் சுற்றி நாற்காலிகளை எங்கள் வீட்டில் இருப்பது போலவே போடச் சொன்னாள். ஒன்பதரை அடி அளந்து, அந்த இடத்தில் தரையில் தன் செருப்பைக் கழற்றி வைத்தாள். "என்னங்க, நீங்க எப்பவும் உக்கார்ற எடத்துல உக்காருங்க. இது ஜெனி நாற்காலி. இது என்னோடது." செருப்புக்குப் பின்னால் நின்று மூன்று லென்ஸிலும் ஒவ்வொரு படம் எடுத்தாள்.

ஐம்பதில் என் தலை பெரிதாக, அழகாகத்தான் இருந்தது. பக்கத்தில் எந்த நாற்காலியும் இல்லை. முப்பத்தைந்தில் நானும் ஜெனி நாற்காலியும் இருந்தோம், ஸ்டெல்லாவின் நாற்காலி வெட்டுப்பட்டிருந்தது. இருபத்து மூன்றில் மூன்று நாற்காலியும் இருந்தன. மேசையும் இருந்தது. சுவரில் ஒரு பல்லிகூட இருந்தது.

"இதுதான்," என்றாள் ஸ்டெல்லா.

"இந்த லென்ஸோட கண்ணும் நல்லாப் பெரிசாத் தொறக்கும்க்கா. டியூப்லைட்டுல ஃபிளாஷ் இல்லாமலே எடுக்கலாம். ஆனா ரொம்பக் கிட்டப் போனா மூக்கு பெருசாத் தெரியும். ஒரு எட்டு தள்ளி நில்லுங்க, அவ்வளவுதான்." அமுதா டேப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத்தன வருஷம் வியாபாரம் பண்றேன், டேப்போட வந்த கஸ்டமர் நீங்க ஒருத்தர்தான்க்கா. எதுக்கு இவ்ளோ அவசரம்? வீட்டுல விசேஷமா?"

ஸ்டெல்லா கூந்தலை ஒதுக்கிக் காட்டினாள். இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னாள்.

அமுதா டேப்பை மேசையில் வைத்தாள். "அக்கா, இப்பவே நான் உங்கள நாலு படம் எடுத்துத் தர்றேன். காசு வேணாம். நல்ல வெளிச்சம் இருக்கு," என்றாள்.

"வேணாம்மா. நீ எடுத்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா இவரு எடுக்கணும்."

அமுதா தலையாட்டினாள். கேமராப் பட்டையை என் கழுத்தில் அவளே மாட்டிவிட்டாள். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இதப் பைக்குள்ள, அலமாரிக்குள்ள வைக்காதீங்க. மேசை மேலயே கெடக்கட்டும். கைக்கு எட்டுற எடத்துல இருந்தாத்தான் கேமரா."

இடது கன்னம்

முதல் வாரம் நான் எடுத்த படங்களில் தண்ணீர் சுடவைக்கும் கெத்தில் தெளிவாக இருக்கும், பின்னால் நிற்கும் ஸ்டெல்லா புகைமூட்டமாக இருப்பாள். இரண்டாவது வாரம் அவள் இருந்தாள், தலை இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து அன்றைய படங்களைப் பார்ப்போம். அவள் கோபித்துக்கொள்ளவே மாட்டாள். "கெத்தில் நல்லா வந்திருக்கு," என்பாள்.

மூன்றாவது வாரத்திலிருந்து கை பழகியது. ஒரே லென்ஸ் என்பதால் எங்கே நின்றால் என்ன விழும் என்று கண்ணுக்கே தெரிய ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் நடந்தேன். ஓர் எட்டு முன்னால், ஓர் எட்டு பின்னால். இத்தனை வருடத்தில் என் சமையலறைக்குள் நான் அவ்வளவு நடந்ததில்லை.

ஒரு நாள் காலை லீவு போட்டுவிட்டு அவளோடு கேன்டீனுக்குப் போனேன். இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் திபுதிபுவென்று வந்தார்கள். பெரிய சட்டியில் மீ பிரட்டிக்கொண்டே அவள் ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை பேசினாள். ஒரு சின்னப் பெண் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. ஸ்டெல்லா சிரித்தாள். நான் எடுத்தேன்.

அன்று மாலை அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். அவளுடைய சிரிப்பு இடது பக்கம்தான் தொடங்குகிறது. முதலில் இடது கன்னம் குழிகிறது, பிறகு உதடு மேலே போகிறது, வலது பக்கம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. இருபத்து நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது.

அந்தப் பக்கத்தில்தான் கத்தி வைக்கப் போகிறார்கள்.



அலமாரி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி முழுசாக வந்துவிட்டது, நரம்பு அறுபடவில்லை, ஆனால் அதிர்ந்திருக்கிறது, மெதுவாகத் திரும்பலாம் என்றார் டாக்டர்.

ஸ்டெல்லா கண் விழித்தாள். அவள் முகத்தின் இடது பக்கம் விழிக்கவில்லை. புருவம் இறங்கியிருந்தது. கண் முழுசாக மூடவில்லை. உதடு வலது பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் குடித்தால் ஓரத்தில் வழிந்தது. ஜெனி வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள். நான் படுக்கையின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த அன்றே கேமராவை மேசையிலிருந்து எடுத்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அது அன்பு என்றுதான் நினைத்தேன்.

நான்கைந்து நாள் கழித்து அவள் கேட்டாள். 'ப'வும் 'ம'வும் அவளுக்கு வரவில்லை, காற்றாகப் போயின.

"கேமரா எங்க?"

"பேட்டரி போச்சு போலருக்கு."

"எனக்காக ஒளிச்சு வச்சீங்களா, உங்களுக்காகவா?"

போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அவளே திட்டம் போட்டிருந்தாள். தினமும் காலை எட்டு மணிக்கு, மாதா சுவருக்கு முன்னால், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம். முதலில் சும்மா. பிறகு சிரிக்க முயற்சி செய்து ஒன்று. "கண்ணாடியில தெனம் பாத்தா வித்தியாசம் தெரியாது. படத்துல தெரியும். டாக்டருக்கும் காட்டலாம்." கண்ணாடி முன்னால் நின்று புருவத்தைத் தூக்கினாள், கன்னத்தை ஊதினாள், 'ஊ' என்றாள், 'ஈ' என்றாள். ஒன்றும் அசையாது. மறுநாளும் செய்வாள். ஒரு நாள் விடாமல் எடுத்தேன். ஜெனி வார இறுதியில் வந்து அவற்றைச் சின்னச் சின்னப் படங்களாகக் கழுவிக் கொடுப்பாள். பின்பக்கம் ஸ்டெல்லா எத்தனையாவது நாள் என்று எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு வைப்பாள்.

ஒரு மாதத்தில் கேன்டீனுக்குப் போனாள். நான் வேண்டாம் என்றேன். முகத்தை மூடிக்கொள்ள மாஸ்க் எடுத்துக் கொடுத்தேன். அதை மீன் அலசும்போது போட்டுக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டுப் போனாள்.

வரிசையில் நின்ற பிள்ளைகள் தட்டை நீட்டாமல் அவளையே பார்த்தார்களாம். முன்னால் நின்ற சிறுமி அண்ணாந்து பார்த்துக் கேட்டாளாம்.

"ஆன்ட்டி, ஒங்க வாய் ஏன் இப்புடி இருக்கு?"

"இந்தப் பக்கம் எம்.சி. எடுத்திருக்கு லா. டாக்டர் லீவு குடுத்துருக்காங்க. இந்தப் பக்கம் மட்டும்தான் இப்ப வேலைக்கு வருது."

பிள்ளைகள் சிரித்தார்களாம். பிறகு தட்டை நீட்டினார்களாம். எடைமேடையில் லோரிச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த எனக்கு ஓர் ஆசிரியை போனில் இதைச் சொன்னார். என் கையெழுத்து அன்று முழுவதும் கோணலாகவே போனது.

மரப்பெஞ்சு

மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு காலை, சிரிப்புப் படத்தில், இடது உதட்டோரம் ஒரு நூல் அளவு மேலே போயிருந்தது. ஆரம்பத்தில் எடுத்த முதல் படத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நிஜம்தான். அவள் போய் இரண்டு முட்டை பொரித்துக்கொண்டு வந்து வைத்தாள்.

இப்போது கண் முழுசாக மூடுகிறது. 'ப' வந்துவிட்டது. சிரிப்பு வலது பக்கம் தொடங்கி, இடது பக்கம் கொஞ்சம் தாமதமாக, பாதி தூரம் வரை வருகிறது. அவ்வளவுதான் வரும் போலிருக்கிறது.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் அந்தப் படக்கட்டு முழுவதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓர் அதிகாரி கையெழுத்து போடுவதற்கு முன் காகிதத்தைப் பார்ப்பது போல அல்ல, சொந்தக்காரர் கல்யாணப் படம் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு தயங்கிக்கொண்டே கேட்டார். வெளியே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், இதே ஆபரேஷன், பயந்துபோய் இரண்டு முறை தேதியைத் தள்ளிவிட்டார். நீங்கள் கொஞ்சம் பேச முடியுமா?

மரப்பெஞ்சின் ஓரத்தில் ஒரு தமிழ்ப்பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். பெயர் சந்திரா. தஞ்சோங் காராங் பக்கம், தொழிற்சாலை வேலை. வலது காதின் மேல் துப்பட்டாவை இழுத்துப் பிடித்திருந்தாள். ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து, ரப்பர் பேண்டைக் கழற்றிக் கட்டை அவள் மடியில் வைத்தாள். நான் எதிரில் நின்றேன்.

சந்திரா ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஒரு படத்தில் கை நின்றது. பத்தொன்பதாம் நாள் என்று பின்னால் எழுதியிருக்கும். எல்லாவற்றிலும் மோசமான படம் அதுதான். இடது கண் சிவந்து நீர் கோத்திருந்தது. வாய் ஒரேயடியாக ஒரு பக்கம் போயிருந்தது.

"அக்கா, இது எடுத்த அன்னிக்கு என்ன பண்ணீங்க?"

ஸ்டெல்லா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னாடியா, பின்னாடியா? முன்னாடி பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு நல்லா அழுதேன். தல வாரல. அப்பறம் வந்து நின்னேன், இவரு எடுத்தாரு. அப்பறம் மீன் அலசுனேன்."

எனக்குத் தெரியாது. தினமும் அந்த முகத்துக்கு முன்னால் கேமராவோடு நின்றவன் நான். அந்தக் காலை, படத்தைப் பார்த்துவிட்டு "இன்னிக்கு வெளிச்சம் நல்லா இருக்கு" என்று அவளிடம் சொன்னது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

சந்திரா கடைசிப் படம் வரைக்கும் பார்த்தாள். திரும்பவும் கட்டுக்குள் தேடி அந்தப் பத்தொன்பதாம் நாளை எடுத்தாள்.

"இத நான் வச்சுக்கட்டுமாக்கா?"

"கடைசிப் படம்தான் நல்லா இருக்கு. அத எடுத்துக்க."

"இல்லக்கா. இது."

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். படத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, துப்பட்டாவை விட்டுவிட்டு, எழுந்து உள்ளே போனாள்.

ஸ்டெல்லா மிச்சப் படங்களை அடுக்கி ரப்பர் பேண்டைப் போட்டாள். பத்தொன்பதை இன்னொரு முறை கழுவி வைத்துக்கொள்ளலாம், ஜெனியிடம் சொல்கிறேன் என்றேன்.

"வேணாங்க," என்றாள். "அது அவகிட்ட மட்டும் இருக்கட்டும்."